ராகு காலத்துக்கு முன் பூட்டிய பிரேக்

வெள்ளிக்கிழமை பின்னேரம் பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்தபோது பிரசாந்தின் கார் ஒரு சத்தம் போட்டது. தகரத்தைத் தார் ரோட்டில் போட்டு இழுத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் தலையை வெளியே நீட்டி, "மல்லி, பிரேக் இவரயி!" என்றார். தம்பி, பிரேக் முடிஞ்சுது என்று அர்த்தம். அதைச் சொன்ன முகத்தில் ஒரு துளி கவலையும் இல்லை, கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அவர் பச்சைக்குப் பறந்துவிட்டார்.

பக்கத்து சீட்டில் இருந்த மனைவி சாம்பவிக்குச் சிங்களம் நல்லாய் விளங்கும். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள்.

"என்னை இறக்கி விடுங்கோ" என்றாள்.

"இஞ்சயிருந்து வீடு எவ்வளவு தூரமப்பா? மெல்லமாப் போவம்."

"மெல்லமாப் போறதுக்கும் நிப்பாட்டத்தானே வேணும்? இறக்கி விடுங்கோ."

இறங்கினாள். பஸ் ஏறினாள். காலி வீதி நெரிசலில் அவள்தான் முதலில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பிரசாந் காரைக் கொண்டுவந்து போர்ட்டிக்கோவில் விட்டபோது அவள் தேத்தண்ணீர் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமைக்கிடையில இது சரிவராட்டி நான் உங்கட காரில வரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

செவ்வாய்க்கிழமைதான் எல்லாம். அன்றைக்குப் பேராதனையில் பிரசாந்தின் தங்கச்சி ரூபிகாவுக்குப் பட்டமளிப்பு. முள்ளியவளைப் பக்கத்து வயல்காரர் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் பிரசாந். அவனுடைய பட்டமளிப்புக்கு அப்பாவும் அம்மாவும் இரவல் வானில், ஊர்ச்சனம் பத்துப் பேரோடு நெருக்கியடித்து வந்தார்கள். அப்பா நின்றபடியே வந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். இந்த முறை அப்படி இல்லை என்று அவன் எப்போதோ முடிவு கட்டிவிட்டான். அப்பாவும் அம்மாவும் கண்டிவரைக்கும் பஸ்ஸில் வரவேண்டியது. விழா முடிய, ரூபிகாவையும் ஏற்றிக்கொண்டு ஐந்து பேருமாக அவனுடைய சொந்தக் காரில் கொழும்புக்கு இறங்கவேண்டியது. அப்பாவுக்கு முன் சீட். இதை அவன் தொலைபேசியில் எத்தனையோ தரம் சொல்லி, அப்பா ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

இறங்கும் வழியில் கடுகண்ணாவை மலை இருக்கிறது. சின்னக் கார், ஐந்து பேருடைய பாரம், முன் பிரேக் தேய்ந்து இரும்பும் இரும்பும் உரசுகிறது. சாம்பவி சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் சுட்டது.

சனிக்கிழமை காலையில் அவன் வழக்கமாகப் போகும் கராஜுக்குப் போனான். கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் பௌர்ணமிப் போயா என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு விழுந்திருந்தது. மெக்கானிக் பாஸ் ஊருக்குப் போய்விட்டார். இன்னும் இரண்டு கராஜ். அங்கேயும் அதே கதை. கடைசியில் பஞ்சிகாவத்தைக்குப் போனான். அங்கே உதிரிப்பாகக் கடைகள் அரைக்கதவு திறந்து வியாபாரம் செய்தன.

ரிப்கான் என்ற கடைக்காரர் காரின் வருசத்தைக் கேட்டார், மொடலைக் கேட்டார், பிறகு பிரேக் பேட் பெட்டிகள் இரண்டை மேசையில் வைத்தார்.

"ரெண்டு சாதி ஈக்கிது தம்பி. ஒண்டு கொஞ்ச நாளையில சத்தம் போடும். மத்தது போடாது. எது வேணும்?"

"சத்தம் போடாதது."

"வீட்டுக்காரி பேசினவோ?"

"ஓம்."

"அப்ப இதுதான்" என்று விலைகூடின பெட்டியை முன்னால் தள்ளினார். "ஆரு பூட்டுற?"

"நான்தான்."

ரிப்கான் அவனுடைய கைகளைப் பார்த்தார். வங்கியொன்றின் கணினிப் பிரிவில் வேலைசெய்கிற கைகள். நகத்தில் அழுக்கில்லை. "பூட்டலாம், பூட்டலாம்" என்றார், நோயாளியைப் பார்த்துச் சொல்வதுபோல.

உண்மையைச் சொன்னால், பிரசாந் பிறந்ததிலிருந்து ஒரு வாகனத்தின் போல்ட்டைக் கழற்றியதில்லை. ஊரில் அப்பாவிடம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருந்தது. அது நின்றுபோகிற நேரமெல்லாம் அவன் ஸ்பெனரை எடுத்துக்கொண்டு கிட்டப் போவான். "நீ போய்ப் படி, இதை நான் பாக்கிறன்" என்று அப்பா பறித்துவிடுவார். அப்படிப் படித்துப் படித்துத்தான் பட்டதாரி ஆனான். பௌதிகத்தில் விசேட சித்தி. திரவத்தின் அமுக்கம் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு எப்படிப் போகிறது என்பதைக் கேட்டால் படம் கீறி விளக்குவான். அந்தத் திரவம் குடியிருக்கிற இரும்பைத் தொட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நாலைந்து வீடியோக்களைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்குத் துணிவு வந்தது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்காகச் செய்கிற வேலை எதுவும் நமக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பழைய சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போர்ட்டிக்கோவில் இறங்கினான். அந்த வீடு மாமியாருடையது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில், பழைய வீடு. மழைத்தண்ணீர் வடிந்து போகட்டும் என்று போர்ட்டிக்கோவின் சீமெந்துத் தரையைக் கேற்றைப் பார்த்துச் சரித்துக் கட்டியிருந்தார்கள். கார் முகத்தைக் கேற்றுக்குக் காட்டியபடி நின்றது.

மாமி ஜெகதீஸ்வரி கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர். எதையும் தாளம் பிசகாமல் பார்க்கிற ஆள்.

"தம்பி, இதை இண்டைக்கே திருப்பிப் பூட்டுவியளோ?"

"பூட்டுவன் மாமி."

"இல்லை, ஒரு கதைக்குக் கேட்டனான். எங்கட பக்கத்து வீட்டு மனுசன் ஒருக்கா றேடியோவைக் கழட்டினவர். ஆள் செத்துப் பத்து வருசம். றேடியோ இன்னும் பெட்டிக்குள்ள கிடக்கு."

சாம்பவி உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. பிரசாந் கேட்காதவன்போல வீல் நட்டுகளை இளக்கினான். ஜக்கை வைத்துத் தூக்கினான். ஜக் வழுக்கினாலும் கார் நிலத்தில் விழாமல் இருக்க, மேலதிகச் சில்லைக் கதவுக்குக் கீழே படுக்கவைத்தான். பின் சில்லுகளுக்குச் செங்கல் கொடுத்தான். முன் சில்லைக் கழற்றினதும் உள்ளே தட்டும், அதைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பரும் தெரிந்தன. வீடியோவில் பார்த்தது அப்படியே கண்முன்னால் இருந்தது. மனதுக்குள் ஒரு சின்னத் துள்ளல்.

கலிப்பரின் கீழ்ப் போல்ட் அசையவில்லை. ஸ்பெனரில் தொங்கினான். அசையவில்லை. சாம்பவி குளியலறை திருத்தினபோது மிஞ்சின இரும்புக் குழாய்த் துண்டொன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். ஸ்பெனரின் பிடிக்கு அதை மாட்டி நீளமாக்கி அமத்தினான். 'டக்' என்றது. அந்தச் சத்தத்துக்கு அவனுக்கு அழுகை வரப்பார்த்தது.

"பட்டதாரிக்கு உது தெரியாமல் போச்சே, நெம்புகோல்" என்றாள் சாம்பவி.

"தெரியும். குழாய் எங்க கிடக்கெண்டுதான் தெரியாது."

பழைய பேட்டை வெளியே எடுத்துக் காட்டினான். உரசுகிற பகுதி ஒரு ரூபாய்க் காசுக் குத்தியின் தடிப்புக்கும் இல்லை. ஒரு மூலையில் இரும்பே தெரிந்தது. சாம்பவி அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு புதுசையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் உள்ளே போகவில்லை. சில்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு நட்டுகளைக் கையில் வாங்கி வைத்திருந்தாள்.

புதுப் பேட் தடிப்பு. அது உள்ளே போகவேண்டுமானால், தேயத் தேய வெளியே தள்ளிக்கொண்டு வந்த கலிப்பரின் உருளையை மறுபடி உள்ளே அனுப்பவேண்டும். பிரேக் எண்ணெய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டு, பழைய பேட்டை உருளைமேல் அணைத்து, ஜி கிளாம்பைக் கொடுத்து மெல்ல மெல்லத் திருகினான். உருளை முனகாமல் உள்ளே போனது. கலிப்பர் பிரேக் எண்ணெய்க் குழாயில் தொங்கி அது அறுந்துவிடக்கூடாதென்று கொடிக்கயிற்றால் கட்டி வைத்திருந்தான். புதுப் பேட் இரண்டும் சொல்லிவைத்தாற்போல் இருந்துகொண்டன. மற்றப் பக்கம் பாதி நேரத்தில் முடிந்தது. சில்லுகளைப் பூட்டி, ஜக்கை இறக்கி, நட்டுகளை இறுக்கி, மூடியை மூடி, செங்கல்களை எடுத்தான். நாலு மணி தாண்டியிருந்தது. சறம், கை, மூக்குநுனி எல்லாம் கறுப்பு. அவனுக்குத் தன்னைத் தானே கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது.

வீடியோவில் இன்னும் ஒரு கடைசிப் படி இருந்தது. அதைப் பார்ப்பதற்குப் போனை எடுக்கப் போனான்.

"தம்பி, நாலரைக்கு ராகு காலம் தொடங்குது!" மாமி தட்டோடு வந்துவிட்டார். தட்டில் இரண்டு எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம், குங்குமம். "புதுச் சாமான் போட்டிருக்கிறியள். தேசிக்காயில ஏத்தாமல் விடுறதோ? கெதியா வாங்கோ."

"ஒரு சின்ன வேலை இருக்கு மாமி."

"சின்ன வேலையெண்டால் பிறகு செய்யலாந்தானே? ராகு காலம் பிறகு வராது, இப்ப வருது. ஐயோ, இந்தக் கையோடயோ சாமிக்கு முன்னால நிக்கப்போறியள்? போய்க் கழுவுங்கோ!"

பிரசாந் ஓடினான். கறுப்பு இலேசில் போகிற கறுப்பில்லை. சவர்க்காரம் போட்டு, தேங்காய்த் தும்பு போட்டு உரஞ்சினான். வெளியிலிருந்து மாமி நேரத்தைக் கூவிக்கொண்டே இருந்தார். கை வெளுத்துவந்தபோது அந்தச் சின்ன வேலையும் நினைவிலிருந்து கழுவப்பட்டுப் போயிருந்தது.

முன் சில்லுகளுக்கு முன்னால் இரண்டு தேசிக்காய். மாமி கற்பூரம் காட்டினார், பொனற்றில் சந்தனப் பொட்டு வைத்தார். தட்டைப் படியில் வைத்துவிட்டுக் கேற்றைத் திறந்தார்.

"நான் வாசலில நிண்டு ஒழுங்கையைப் பாக்கிறன். நீங்கள் ஏத்திப்போட்டு நிப்பாட்டுங்கோ."

பிரசாந் ஏறி, கிளச்சை அமத்தி, எஞ்சினைக் கிளப்பினான். ஹான்ட் பிரேக்கை இறக்கினான். கியர் போடத் தேவையே இல்லை, தரைச் சரிவில் கார் தானாய் அசைந்தது. இரண்டு தேசிக்காயும் நசிபட்ட சத்தம் நல்ல வடிவாய்க் கேட்டது. காலைப் பிரேக்கில் வைத்தான்.

கால் நேரே தரைக்குப் போனது.

கீழே ஒன்றுமே இல்லாததுபோலப் போனது. படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைக்கிற இடத்தில் படி இல்லாமல் போவதுபோல. கார் நிற்கவில்லை. முன்னால், திறந்த கேற்றின் நடுவில், மாமி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஒழுங்கையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த பேக்கரிப் பாண் வண்டிக்காரனை ஒரு கையால் மறித்துவைத்து, "பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன" என்று அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மருமகன் நிற்பாட்டுவான் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

பிரசாந்துக்கு வாய் திறக்கவில்லை. ஹோர்ன் அடிக்கலாம் என்பதும் வரவில்லை. இடக்கை ஹான்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தது. பின் சில்லுகள் கீச்சிட்டன, கார் இழுபட்டது, ஆனாலும் ஊர்ந்தது. வலக்கால் தன்பாட்டில் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தது. முதலில் வெறுமை. பிறகு ஏதோ தட்டுப்பட்டது. அடுத்த மிதியில் பெடல் கல்லாய் எழும்பி அவனுடைய காலைத் தாங்கியது. கார் தலையைக் குனிந்து நின்றது.

பம்பருக்கும் மாமியின் சேலைக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

மாமி திரும்பினார். பம்பரைப் பார்த்தார். பிரசாந்தைப் பார்த்தார்.

"அச்சா! பிரேக் நல்லாப் பிடிக்குது போல" என்றார். பிறகு பாண் வண்டிக்குத் திரும்பி, மறித்தது மறித்ததுதானே என்று இரண்டு இறாத்தல் பாணும் சீனிச் சம்பல் வைத்த பணிசும் வாங்கினார்.

பிரசாந் எஞ்சினை நிற்பாட்டினான். பக்கக் கண்ணாடிக்கு வெளியே சாம்பவி நின்றாள். தாய் பார்க்காததை அவள் பார்த்துவிட்டாள். காரை அல்ல, அவனுடைய முகத்தை.

"பிடிக்கேல்லை, என்ன?" என்றாள் மெதுவாக.

'பிடிச்சதுதானே' என்று சொல்லியிருக்கலாம். மாமியே சாட்சி. பொனற்றில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை மலையிறங்கும்போது இவள் பின்னால் இருக்கப்போகிறாள், அந்த நினைப்பு அவன் வாயைத் திறந்தது.

"முதல் மிதிக்குப் பிடிக்கேல்லை. மூண்டாவதுக்கோ நாலாவதுக்கோ பிடிச்சது."

"அம்மா நிண்டவ."

"தெரியும்."

"அம்மா அங்க நிண்டவ, பிரசாந்."

அவள் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. அவன் கதவைத் திறந்தான், இறங்கவில்லை. அப்படியே இருந்து யோசித்தான். பயம் ஒரு பக்கம் கிடந்து துடிக்க, மற்றப் பக்கம் மூளை தன் வேலையைத் தொடங்கியது. ஏன் முதல் மிதி வெறுமை? ஏன் பிறகு கல்? ஒழுகியிருந்தால் கல்லாகாது. காற்றுப் புகுந்திருந்தால் பஞ்சுபோல இருக்கும். அப்படியானால்...

"உருளையை நான்தான் உள்ளுக்குத் தள்ளினனான்!" என்று கத்தினான். "சாம்பவி, நான்தான் தள்ளினனான்! பேட்டுக்கும் உருளைக்கும் இடையில இடைவெளி. முதல் மிதியெல்லாம் அந்த இடைவெளியை நிரப்பத்தான் போயிருக்கு. ஊசிச் சிரிஞ்சை முழுக்க உள்ளுக்குத் தள்ளிப்போட்டுத் திருப்பி நிரப்பிற மாதிரி. காரை அசைக்க முன்னம் பெடலை மிதிச்சு மிதிச்சுக் கல்லாக்கியிருக்க வேணும். அதுதான் அந்தச் சின்ன வேலை!"

"எந்தச் சின்ன வேலை?"

"மாமி பிறகு செய்யலாம் எண்டு சொன்ன வேலை."

சாம்பவி அவனைப் பார்த்தாள். பிறகு கேற்றடியில் பணிசுப் பையோடு நின்ற தாயைப் பார்த்தாள். அவளுடைய வாய்க்கோடு கோணியது. அது கோபமா சிரிப்பா என்று பிரசாந் கணக்குப் போடுவதற்கிடையில் அவள் மற்றப் பக்கத்தால் சுற்றிவந்து, கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"இப்ப காட்டுங்கோ."

"இப்பவோ?"

"இப்ப. எனக்கு முன்னால."

மாமிக்கு அது கேட்டுவிட்டது. "எங்க வெளிக்கிடுறியள்? ராகு காலம் தொடங்கீட்டுது!"

"அம்மா, ராகு காலத்திலயே பிடிக்கிற பிரேக்கெண்டால் மற்ற நேரமெல்லாம் தன்பாட்டில பிடிக்கும். நீங்கள் வாசலில நிக்காமல் உள்ளுக்குப் போங்கோ. படிக்கு மேல. இன்னும் மேல!"

பிரசாந் எண்ணெய்ப் பாத்திரத்தின் மட்டத்தைப் பார்த்தான், சரியாய் இருந்தது. சில்லுகளுக்குப் பின்னால் குனிந்து ஈரம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தான், உலர்ந்திருந்தது. நின்ற இடத்திலேயே பெடலை மிதித்தான். கல். நிமிடக்கணக்காக மிதித்தபடி வைத்திருந்தான். பெடல் தாழவில்லை. பிறகுதான் காரை ஒழுங்கையில் இறக்கினான், ஆள் நடக்கிற வேகத்தில்.

"பிரேக்!" என்றாள் சாம்பவி. நின்றது.

கொஞ்சம் போனது. "பிரேக்!" நின்றது. மரின் டிரைவுக்குத் திரும்பி, கடலோரமாய்த் தெஹிவளைப் பக்கம் விட்டான். அவள் முன்னறிவித்தல் இல்லாமல் கத்துவாள், அவன் பின்னால் வாகனம் இல்லையென்று கண்ணாடியில் பார்த்து மிதிப்பான், கார் வாலைச் சுருட்டின நாய்போல நிற்கும். கடற்காற்று வாங்க வந்த சனம் இவர்களைப் புருசன் பெண்சாதிச் சண்டை என்று பார்த்தது. ஒருவர் நடையை நிற்பாட்டி, சாம்பவியிடம், "தங்கச்சி, ஏதும் உதவி வேணுமோ?" என்றுகூடக் கேட்டார்.

"இல்லை அண்ணா. இவர் சொல்லுக் கேக்கிறாரோ எண்டு பாக்கிறன்."

அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்து கண்ணில் தண்ணீராய் முடிந்தது. "அம்மா பணிசு வாங்குறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிரசாந்துக்கும் வந்தது. தெஹிவளைச் சந்தியில் சிவப்பு விழுந்தபோது கார் ஒரு சத்தமும் போடாமல் போய் நின்றதை இரண்டு பேரும் கவனிக்க மறந்துபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை ரூபிகா கறுப்பு அங்கியோடு மேடையில் ஏறி இறங்கினாள். அப்பா கைதட்டவில்லை, எழும்பி நின்றார். விழா முடிய முன் சீட்டில் ஏறினார். பெல்ட்டை எப்படிப் போடுவது என்று யாரிடமும் கேட்காமல் தானே தேடிப் போட்டுக்கொண்டார். பின்னால் அம்மா நடுவில், ஒரு பக்கம் ரூபிகா, மறுபக்கம் சாம்பவி. அம்மாவின் மடியில் ஊரிலிருந்து வந்த பயித்தம் பணியாரத் தகரப் பேணி.

கடுகண்ணாவையில் மலை இறங்கத் தொடங்கியது. பிரசாந் இரண்டாம் கியரில் விட்டான். வளைவுக்கு வளைவு கால் பெடலைத் தடவிப் பார்த்தது. அது இருந்தது. இன்னொரு வளைவு. இருந்தது. வீதியோரத்துப் பெரும் பாறையடியைத் தாண்டின கையோடு முன்னால் போன லொறியின் சிவப்பு லைற் திடீரென்று எரிந்தது. மாடொன்று குறுக்கே போயிருக்கவேண்டும். பிரசாந் மிதித்தான். கார் நின்றது. அவ்வளவுதான். அம்மாவின் மடியில் பேணிகூட அசையவில்லை. ரூபிகா யாருக்கோ படம் அனுப்பிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"என்ன தம்பி, மூச்சு விடாமல் ஓடுறாய்?" என்றார் அப்பா.

பிரசாந் அப்போதுதான் மூச்சை விட்டான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். சாம்பவி அம்மாவின் தோளில் தலையைப் போட்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, நல்ல நித்திரை. மலை ஏறும்போது விழித்து விழித்துப் பார்த்துக்கொண்டு வந்தவள், இறங்கத் தொடங்கினதும் படுத்திருக்கிறாள்.

மாவனல்லைச் சமவெளியில் தேத்தண்ணீர்க் கடையொன்றின் முன்னால் நிற்பாட்டினபோதுதான் எழும்பினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"மலை எங்க?"

"முடிஞ்சுது."

"முழுக்கவோ? ஐயோ, எழுப்பியிருக்கலாமே! இறங்கேக்கதான் வடிவாத் தெரியும் எண்டு எல்லாரும் சொல்லுறவை."

"நித்திரையாக் கிடந்தீர். எழுப்ப மனம் வரேல்லை."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். பிரசாந் ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே முதுகைச் சாய்த்து, கண்ணை மூடினான். வெளியில் அப்பா கடைக்காரருக்கு, சிங்களம் பாதி தமிழ் பாதியாக, இது மகனுடைய கார் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.